தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வருமா?

கேள்வி (மாடு வளர்ப்பவர்):
எல்லா மாடுகளுக்கும் கோமாரி ஊசி போட்டிருக்கிறேன். இருந்தும் நேற்றிலிருந்து ஒரு கறவை மாட்டுக்கு எச்சில் நூலாக ஒழுகுகிறது, சப்புக் கொட்டிக்கொண்டே நிற்கிறது, குளம்பிடுக்கில் கொப்புளம். ஊசியே வீண் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். உண்மையா? அதற்கு இரண்டு மாதக் கன்றும் இருக்கிறது.

பதில் (பண்ணை நடத்துபவர்):
முதலில் மாட்டைத் தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கன்றை அதனிடம் ஊட்ட விடாதீர்கள். கன்றுக்கு இந்தக் கிருமி இதயத் தசையைத் தாக்கும். வாயில் புண்ணே தெரியாமல் திடீரென்று விழுந்து செத்துவிடவும் கூடும்.

பதில் (தடுப்பூசி ஆய்வகத்தில் வேலை செய்பவர்):
ஊசி வீண் இல்லை ஐயா, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். கோமாரி வைரஸில் ஏழு வகை உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா 1, சாட் 1, 2, 3. ஒரு வகைக்கான ஊசி இன்னொன்றைத் தடுக்காது. சி வகை 2004-க்குப் பிறகு எங்கும் தென்படவில்லை, மற்றவை சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கொப்புளத் தோலை மருத்துவர் மூலம் ஆய்வுக்கு அனுப்பினால் எந்த வகை என்று தெரியும்.

ஊசி பலிக்காமல் போக இன்னொரு காரணம் சூடு. மருந்துக்குள் இருப்பது செயலிழக்க வைத்த முழு வைரஸ், 146எஸ் என்போம். வைரஸின் வெளிப்புறப் புரதக் கூடு உடையாமல் இருந்தால்தான் மாட்டுக்கு நல்ல எதிர்ப்பு வரும். சூடு பட்டால் அது 12எஸ் துண்டுகளாகச் சிதறிவிடும், குப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். 2013-ல் இங்கிலாந்தின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வு நிலையம், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள வைரஸே இல்லாமல், சூடு தாங்கும் வெறும் கூட்டை உருவாக்கிக் காட்டினார்கள். அது கொட்டகை வரை வந்து சேர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

ஆமாம், கடைசியாக ஊசி போட்டது எப்போது?

கேட்டவர்:
எட்டு மாதம் இருக்கும் ஐயா. கன்றுக்கு இப்போதே போடலாமா?

பதில் (ஆய்வகத்தில் வேலை செய்பவர்):
அப்படியென்றால் அதுவே காரணமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். கன்றுக்குச் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. அதனால்தான் வழக்கமாக நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து பூஸ்டர். நோய் உள்ளே வந்துவிட்டதால் இப்போது மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். கொட்டகையை, செருப்பு உட்பட, சலவை சோடா கரைசலால் கழுவுங்கள், லிட்டருக்கு 40 கிராம். இந்த வைரஸ் காரம் தாங்காது. நல்ல மாடுகளைக் கறந்து முடித்த பிறகே நோய் மாட்டிடம் போங்கள்.