படிக்கும்போது எதிர்ப்படும் அருஞ்சொற்களை எப்படித் தொகுக்கிறீர்கள்?

ஏட்டுப்புழு:
பழைய இலக்கியங்களையும் இக்கால நாவல்களையும் மாறிமாறிப் படிக்கும் பழக்கமுடைய நான், பொருள் தெரியாத சொல் எதிர்ப்பட்டால் அகராதியில் பார்த்து, அகரவரிசைப்படி பிரித்த ஒரு நோட்டில் சொல்லையும் பொருளையும் எழுதிவருகிறேன். நோட்டு பெருத்துக்கொண்டே போகிறது. ஆனால் சில மாதங்கள் கழித்துப் புரட்டினால் பெரும்பாலான சொற்கள் முன்பின் அறியாதவைபோலவே இருக்கின்றன. இப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லுடன் வேறு எதையெல்லாம் குறித்துக்கொள்கிறீர்கள்? அகராதியில் அகப்படாத சொற்களை என்ன செய்கிறீர்கள்?

அடிக்குறிப்பன்:
நண்பரே, சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள்; நூற்பெயரும் பக்க எண்ணும் (செய்யுளாயின் பாட்டு எண்ணும்) உடன் இருக்கட்டும். ‘வாரணம்’ என்பதற்கு யானை, கோழி, சங்கு என்று பல பொருள்கள் உண்டு. உங்கள் நோட்டில் ‘வாரணம் – யானை’ என்று மட்டும் இருந்தால், புறநானூற்றின் 52ஆம் பாட்டில் வரும் ‘கான வாரணம் ஈனும்’ என்ற தொடரைக் காட்டு யானை கன்று ஈனுவதாகவே படிப்பீர்கள். முந்தைய அடிகளையும் சேர்த்து எழுதினால்தான், முதியவர்கள் சூதாடித் தேய்ந்த குழியில் அது ஈனுகிறது என்பது தெரியும். அந்தக் குழியில் யானைக்கு இடமேது? முட்டையிடும் காட்டுக்கோழிதான் அது. சூழலோடு கற்ற சொல்லை நான் பெரும்பாலும் மறப்பதில்லை.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக அதன் தொகுப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879இல் வாசகர்களின் உதவியைக் கோரியபோது கேட்டதும் மேற்கோள்களைத்தான்: சொல், அது வந்த வாக்கியம், நூல் விவரம் ஆகியவற்றைத் துண்டுத் தாள்களில் எழுதி அனுப்புவதே அவர்கள் வேலை. பொருள் வரையறுப்பதைத் தொகுப்பாசிரியர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிரித்தறிபவர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அகராதியில் இல்லை என்று நாம் கைவிடும் சொற்களில் பல, புணர்ச்சியால் உருமாறியவை. ‘பஃறுளி’யைப் ‘பல்’, ‘துளி’ என்றும், ‘கற்றூண்’ என்பதைக் ‘கல்’, ‘தூண்’ என்றும் பிரித்தால்தான் தேட முடியும். சில அகராதிகளில் வினைகளை ‘ஈனுதல்’ என்பதுபோலத் தொழிற்பெயராக்கித் தேட வேண்டும். ஆகவே கண்ட வடிவம், பிரித்த வடிவம் இரண்டையும் எழுதிவைப்பது நல்லது.

எந்தச் சொல்லுக்கு எந்த அகராதி என்பதும் முக்கியம். பழஞ்சொற்களுக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. இன்றைய எழுத்து வழக்குக்கு, எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. வட்டார நாவல்களுக்கு இவ்விரண்டும் போதாது, கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போன்றவற்றை நாட வேண்டியிருக்கும்.

நிகண்டுப்பித்தர்:
எனக்கு அகரவரிசையிலேயே உடன்பாடில்லை. அகரவரிசையில் அமைந்த வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு (1732) முன்பு, திவாகரம், பிங்கலம் ஆகிய நிகண்டுகள் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்கள்) சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வகையாகத்தான் அடுக்கின. கொண்மூ, எழிலி, மஞ்சு ஆகிய மூன்றும் மேகத்தின்கீழ் அடுத்தடுத்து நின்றால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும்; அகரவரிசையில் அவை வெவ்வேறு மூலைகளுக்குப் போய்விடும். கணினியில் எழுதுபவருக்கு அகரவரிசை தேவையே இல்லை, தேடல் வசதியே போதும்.

ஏட்டுப்புழு:
மூவருக்கும் நன்றி. பிரித்துத் தேடியும் எந்த அகராதியிலும் கிடைக்காத வட்டாரச் சொல்லாக இருந்தால், ஊகித்த பொருளை எழுதலாமா?

அடிக்குறிப்பன்:
எழுதலாம், ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, ஊகத்துக்குக் காரணமான வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதே ஆசிரியரின் வேறு நூல்களையோ அவ்வட்டாரத்தைச் சேர்ந்த பிற எழுத்தாளர்களையோ படிக்கும்போது அச்சொல் மீண்டும் வரக்கூடும். இரண்டாம் இடத்திலும் உங்கள் ஊகம் பொருந்தினால் கேள்விக்குறியை அடித்துவிடலாம். அதற்குள் அந்த வட்டாரத்துக்காரர் ஒருவரைக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.