பார்போ மாறவே மாட்டேன் என்கிறது, அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கத்ர்போர்ன்97:
வணக்கம். போக்கிமான் விளையாட்டில் என் பார்போவை 43ஆம் லெவல் வரை ஏற்றிவிட்டேன், இன்னும் மிலோபெல்லுஸ் ஆகவில்லை. பழத்தை அரைத்துச் செய்கிற தீனி, அந்த பிளாக்கும் நிறையக் கொடுத்தேன், இப்போது தொடவே மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக இதே வேலை. பள்ளி திறப்பதற்குள் மாற்றிக் காட்டுகிறேன் என்று தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என்ன தப்பு செய்கிறேன்?

பாதசாரி:
பார்போ என்றால் எது தம்பி? படம் போடுங்கள்.

தூண்டில்:
பழுப்பு நிறத்தில் கிழிந்த துடுப்போடு ஒரு மீன் இருக்குமே, ஆங்கிலத்தில் ஃபீபாஸ், அதன் பிரெஞ்சுப் பெயர். மிலோபெல்லுஸ் என்பது மிலோட்டிக். தம்பி பிரெஞ்சு மொழி விளையாட்டு அட்டை வைத்து ஆடுகிறார் போல. எந்தப் போக்கிமான் விளையாட்டு என்று சொல்லவில்லையே?

பாதசாரி:
ஃபீபாஸா! அப்படியானால் லெவல் ஏற்றிப் பயனே இல்லை. அதைக் கூட்டாளியாக வைத்து 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும், 100 மிட்டாய் வேண்டும். நான் தினமும் காலையில் ரோஸ் ஹில்லிலிருந்து போ பாசான் வரை நடந்து நடந்தே முடித்தேன். நடக்காமல் உட்கார்ந்துகொண்டிருந்தால் மாறாது.

நீலத்துணி:
அது போனில் ஆடுகிற போக்கிமான் கோ விளையாட்டின் கணக்கு. தம்பி லெவல் 43, பிளாக் என்றெல்லாம் எழுதியிருக்கிறார், இது வேறு. நீலத் துண்டு கட்டிவிட்டீர்களா? அழகுப் போட்டிக்குக் கொடுப்பார்களே, அந்தத் துண்டு. அதைக் கட்டிவிட்டு ஒரு லெவல் ஏற்றிப் பாருங்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அதுதான் வழி.

தூண்டில்:
துண்டு வேண்டாம். செதில் ஒன்றைக் கையில் கொடுத்து இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அங்கே போனதும் மிலோட்டிக் ஆகிவிடும், பிரிசம் செதில் என்று பெயர். நானும் என் மச்சானும் அப்படித்தான் செய்தோம், இரண்டு நிமிட வேலை.

வாத்தியார்_வாக்வா:
இந்த இழையில் இதுவரை யாருமே கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. பிரிசம் செதில் வந்ததே ஐந்தாம் தலைமுறை விளையாட்டுகளில்தான், பிளாக் முதலில் வந்த விளையாட்டுகள் மூன்றாம் தலைமுறை: ரூபி, சபையர், எமரால்டு. அங்கே அந்தச் செதில் கிடையாது. துண்டு போட்டி மேடையில் மட்டும் மதிப்பெண் கூட்டும், மாறுவதற்கு அது கணக்கில் வராது. தம்பி, உதவி கேட்கிறவர் முதல் வரியிலேயே விளையாட்டின் பெயர், அட்டையின் மொழி, மீனின் குணம், என்ன நிற பிளாக், எத்தனை என்று எழுத வேண்டும். இதை இங்கே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அப்புறம் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள், நல்ல குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

தூண்டில்:
பெயரில் என்ன தப்பு வாத்தியாரே? இந்த மொரீசியஸ் தீவில் பாதிப் பேர் பிரெஞ்சில் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்கே வந்தோம். என் அக்கா பிள்ளைகளுக்கு லேவியாட்டோர் என்றால் தெரியும், அதையே ஆங்கிலத்தில் கியாரடோஸ் என்றால் யாரோ என்பார்கள். அதோடு பார்போ என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! பார் என்றால் நம் கொடுவா மாதிரி ஒரு மீன், போவ்ர் என்றால் ஏழை. ஏழைக் கொடுவா. ஜப்பானியப் பெயரும் ஹின்பாஸு, அதிலும் ஏழ்மைதான் இருக்கிறது.

வாத்தியார்_வாக்வா:
பெயர் அழகாக இருக்கிறது என்பது வேறு, தேடினால் விடை கிடைக்க வேண்டும் என்பது வேறு. ஒரே மீனுக்கு மூன்று பெயர் போட்டால் பிறகு வருகிறவர் எதைத் தேடுவார்?

தூண்டில்:
மூன்றையும் தேடட்டும். தமிழில் எழுதுகிற இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் சரி, பிரெஞ்சுப் பெயர் தப்பு என்பது எனக்கு ஏறவில்லை.

மோகா_அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள், பையன் காத்துக்கொண்டிருக்கிறான். தம்பி, நான் எமரால்டில் நாலைந்து முறை இந்த மீனை மாற்றியிருக்கிறேன். சில கேள்விகள் கேட்கிறேன், தெரிந்தவரை சொல்லு. அட்டை எமரால்டா? மீனின் விவரப் பக்கத்தில் குணம் என்னவென்று எழுதியிருக்கிறது? ஆணா பெண்ணா? பிளாக் எந்தப் பழத்தில் அரைத்தாய், யாரோடு சேர்ந்து அரைத்தாய்? முக்கியமாக, பிளாக் கொடுத்தபோது சந்தோஷமாகச் சாப்பிட்டது என்று வந்ததா, வேண்டாவெறுப்பாகச் சாப்பிட்டது என்று வந்ததா?

கத்ர்போர்ன்97:
மன்னிக்க வேண்டும் அக்கா, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எமரால்டு, பிரெஞ்சு அட்டை, பெரியப்பா பையன் கொடுத்தது. மீன் பெண். குணம் ஜோவியால். கலகலப்பானது என்று பார்த்து நல்லதுதானே என்று வைத்துக்கொண்டேன். பிளாக் எல்லாம் நீலம், மரோன் பழத்தில் தனியாக அரைத்தேன், கூட ஒரு தாத்தா மட்டும் நின்றார். பன்னிரண்டு கொடுத்திருப்பேன். வேண்டாவெறுப்பாக என்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்தது, மீனுக்கு அப்படித்தான் வரும் போல என்று விட்டுவிட்டேன்.

மோகா_அக்கா:
அதுதான் தம்பி. இந்த மீன் மாற லெவல் கணக்கே இல்லை. அழகு என்கிற மதிப்பு 255க்கு 170 எட்டியிருக்க வேண்டும், எட்டியபின் ஒரே ஒரு லெவல் ஏறினால் போதும். மஜிகார்ப் என்கிற மீன் 20ஆம் லெவலில் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் ஏற்றிக்கொண்டே போவார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் ஏற்றினேன்.

அழகை ஏற்றுவது வறண்ட சுவை, அதாவது நீல பிளாக். அதுவரை நீ செய்தது சரி. ஆனால் ஒவ்வொரு பிளாக்கும் அழகை ஏற்றும்போதே இன்னொரு மறைவான கணக்கையும் ஏற்றும், அதை வயிறு என்று வைத்துக்கொள். அதுவும் 255 வரைதான். வயிறு நிரம்பிவிட்டால் பிறகு எதையும் தொடாது, அதைக் குறைக்கவும் வழி கிடையாது. மரோன் பழத்தில் வறண்ட சுவை 10தான், ஒருவரோடு மட்டும் அரைத்தால் வயிற்றை நிரப்புகிற கணக்கும் அதிகமாக வரும். அதற்கு மேல் ஜோவியால் குணத்துக்கு வறண்ட சுவை பிடிக்கவே பிடிக்காது, பத்தில் ஒரு பங்கு குறைத்தே ஏறும். ஆக அழகு 170ஐத் தொடுவதற்கு முன்பே வயிறு நிரம்பிவிட்டது. இந்த மீனை 100ஆம் லெவல் வரை கொண்டுபோனாலும் பார்போவாகவேதான் இருக்கும்.

கத்ர்போர்ன்97:
அப்படியென்றால் மறுபடியும் 119ஆம் வழித்தடத்தில் மீன் பிடிக்க வேண்டுமா அக்கா? இதைப் பிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இன்னொன்று, ஆட்டம் திறக்கும்போது உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஏதோ வரும், எப்போதும் அழுத்திவிட்டுப் போய்விடுவேன். அதனால் இருக்குமா?

தூண்டில்:
ஒரு வாரம்தானா! அந்த ஆற்றில் நானூறுக்கும் மேலே கட்டங்கள், அதில் ஆறே ஆறு கட்டத்தில்தான் இது இருக்கிறது. அந்தக் கட்டத்திலேயே தூண்டில் போட்டாலும் பாதி வாய்ப்புதான், அதனால் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று மீனாவது சிக்கிய பிறகே நகர வேண்டும். எந்தத் தூண்டிலானாலும் சரி. விளையாட்டில் மியோகரா என்கிற ஊரில் பேசுகிற புதுப் பேச்சு மாறினால் அந்த ஆறு கட்டமும் இடம் மாறிவிடும். நான் சதுரக் கட்டமாக நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போய்ப் பதினோராம் நாள் பிடித்தேன். அன்று புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்பு, கரண்டும் இல்லை, பேட்டரி சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சிக்கியது. அந்தச் சந்தோஷம் இப்போதும் மறக்கவில்லை.

பழைய_கேசட்:
தம்பி, உள் பேட்டரி தீர்ந்தது என்று வந்தால் அதுதான் முழுக் காரணம். பேட்டரி போனால் கடிகாரம் நின்றுவிடும், நட்ட பழச்செடி வளராது, தினமும் பழம் கொடுக்கிறவர்களும் கொடுக்க மாட்டார்கள். முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஆனால் கவனம், பேட்டரியை எடுத்தால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். என் கோல்டு விளையாட்டு அட்டையில் 2009இல் அப்படித்தான் எல்லாம் போயிற்று, எட்டு வருடத்து ஆட்டம்.

வாத்தியார்_வாக்வா:
மறுபடியும் தலைமுறைக் குழப்பம். கோல்டு, சில்வரில் சேமிப்பை உயிரோடு வைத்திருப்பதே அந்த பேட்டரிதான், எடுத்தால் போய்விடும். எமரால்டில் சேமிப்பு ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த பேட்டரி சிஆர்1616 வகை, தகட்டுக் காது வைத்துப் பற்றவைத்தது. இந்த அடிப்படை தெரியாமல் மற்றவர்களைப் பயமுறுத்தக் கூடாது.

பழைய_கேசட்:
நான் பயமுறுத்தவில்லை. தெரிந்த ஒருவர் எமரால்டு அட்டையிலேயே பேட்டரியை எடுத்தார், சேமித்தது போய்விட்டது. பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். என் கோல்டுக்கு ஆனது அவருக்கும் ஆனதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால்தான் எழுதினேன்.

வாத்தியார்_வாக்வா:
அப்படியானால் அது அசல் அட்டை இல்லை.

மோகா_அக்கா:
அப்படித்தான் இருக்கும், நீங்கள் இருவர் சொல்வதும் பொருந்துகிறது. போலி அட்டைகள் சிலவற்றில் சேமிப்பும் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. தம்பி, உன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். அசல் எமரால்டு உள்ளே தெரிகிற மாதிரி பச்சையாக இருக்கும். அது அசலாக இருந்தாலும் இப்போது பேட்டரியில் கை வைக்காதே, உன் மீன் மாறாததற்கு அது காரணம் இல்லை. பழம் வளராது, அவ்வளவுதான். கையில் என்னென்ன பழம் மிச்சம் இருக்கிறது?

கத்ர்போர்ன்97:
பச்சைதான், உள்ளே தெரிகிறது. மரோன் 22, பால்மா 9. பால்மாவைப் பெரியப்பா பையன் நட்டு வைத்தது, அரிது என்று தொடாமல் வைத்திருந்தேன்.

மோகா_அக்கா:
அதைத்தான் தொட வேண்டும்! பால்மாவில் வறண்ட சுவை 30, மரோனைப் போல் மூன்று மடங்கு. ஒன்பது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

மீனைப் பிடிக்கப் போக வேண்டாம். உன்னுடையது பெண்தானே, அது நல்லதாகப் போயிற்று. 117ஆம் வழித்தடத்து வளர்ப்பகத்தில் அதை விடு, அங்கேயே தண்ணீரில் மரில் என்கிற போக்கிமான் கிடைக்கும், ஆணாக ஒன்று பிடித்து அதையும் விடு. இரண்டும் ஒரே நீர்க்குழு, முட்டை வரும். பொரிக்கிறதும் பார்போதான், 5ஆம் லெவல், வயிறு காலி, குணமும் புதிதாக வரும். சைக்கிளில் சுற்றினால் ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே, பெரிய தூரமில்லை. மொதெஸ்த், திஸ்க்ரே, து, ஃபூஃபூ இந்த நான்கு குணத்தில் ஒன்று வந்தால் அதற்கு வறண்ட சுவை பிடிக்கும், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏறும். ஜோவியால், ரிஜீது, மாலேன், ப்ரூதான் வந்தால் அதற்கு ஒன்றும் கொடுக்காதே, அடுத்த முட்டைக்குப் போ. மற்றவை நடுத்தரம், அவையும் ஆகும்.

அப்புறம் அரைக்கும்போது நேனுக்ரீக் ஊரில் மூன்று பேர் நிற்கிற இடத்துக்குப் போ. நான்கு பேராகச் சேர்ந்து அரைத்தால் வயிற்றை நிரப்புகிற கணக்கு குறையும். அரைக்கிற கருவியின் முள் உன் பக்கம் வரும்போது சரியாக பட்டனை அடி, வேகம் ஏறினால் பிளாக்கும் நன்றாக வரும். பால்மாவை முதலில் கொடு, மரோனை மிச்சத்துக்கு வை. முதல் பிளாக்குக்கு முன் சேமித்துக்கொள்.

நீலத்துணி:
மூன்று பேர் நிற்கிற இடம் தனியாக இருக்கிறதென்று எனக்கே இப்போதுதான் தெரியும். துண்டு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, தம்பி அதைச் செய்ய வேண்டாம்.

தூண்டில்:
பெயர் விவகாரத்துக்கு வருகிறேன் வாத்தியாரே, அக்கா சொன்ன குணங்களையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தத் தம்பி தன் திரையில் எதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்?

வாத்தியார்_வாக்வா:
அட்டையின் மொழி தெரிந்த பிறகு அந்த மொழியில் எழுதுவது சரிதான். நான் கேட்டதும் அட்டையின் மொழியைத்தான். மோகா அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பழைய மீனின் கையில் நிலைக்கல்லைக் கொடுத்து வளர்ப்பகத்தில் விடாதீர்கள். எமரால்டில் தாய் அதை வைத்திருந்தால் பாதி நேரம் அதே குணம் குட்டிக்கும் வரும், மறுபடியும் ஜோவியாலில் போய் நிற்பீர்கள்.

பாதசாரி:
ஆனதா தம்பி?

பழைய_கேசட்:
காவடியும் முடிந்துவிட்டது, பள்ளியும் திறந்துவிட்டது, தம்பியைக் காணோம்.

கத்ர்போர்ன்97:
மூன்றாவது முட்டையில் மொதெஸ்த் வந்தது. எட்டாவது பிளாக்கோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது, எட்டும் பால்மாதான், எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சாப்பிட்டது. பிறகு ஒரு சண்டை, 5இலிருந்து 6, உடனே மாறிவிட்டது. பள்ளிக்கு முந்தின நாள் இரவு, தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள், போனைப் பிடுங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாள். நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. 43ஆம் லெவல் பார்போவை விடவில்லை, அதுவும் கூடவே இருக்கிறது.

வாத்தியார்_வாக்வா:
போனைப் பிடுங்கினாளா? அட்டை என்றுதானே சொன்னீர்கள்? எதில் ஆடினீர்கள்?