முகம் இருட்டு, சன்னல் வெளிச்சம்: எதை ஏற்றுவது?

தறிநூல்:
பாட்டி சன்னலோரம் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சன்னலில் நல்ல வெளிச்சம், முகம் பாதிக்கு மேல் இருட்டு. போனில் இருந்த ஒரு செயலியில் பிரைட்னஸை ஏற்றிப் பார்த்தேன். முகம் தெரிந்தது. ஆனால் படம் முழுக்கச் சாம்பல் பூசினது மாதிரி ஆகி, சன்னலுக்கு வெளியே இருந்த மரக்கிளைகள் காணாமல் போய்விட்டன. கையில் ஜேபெக் (சுருக்கிச் சேமித்த படக்கோப்பு) மட்டும்தான் இருக்கிறது. பாட்டி இப்போது இல்லை, மறுபடி எடுக்கவும் வழியில்லை. என்ன செய்யலாம்?

ஒளிக்கணக்கு:
பிரைட்னஸைத் தொடாதீர்கள். எளிய செயலிகள் பலவற்றில் அது வெறும் கூட்டல். போட்டோஷாப்பிலும் 'யூஸ் லெகசி' என்ற பெட்டியை டிக் செய்தால் இதேதான் நடக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 50 கூட்டினால் முகத்தின் 40 என்பது 90 ஆகும், சரி. கறுப்பாக இருந்த 5 என்பதும் 55 ஆகிறதே, அதுதான் நீங்கள் சொல்கிற சாம்பல். கிளைகளுக்கு நடுவே 210, 220, 240 என்று இருந்த வித்தியாசமெல்லாம் 255-இல் முட்டி ஒரே வெள்ளையாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் பிறகு இறக்கினாலும் கிளை திரும்ப வராது.

லெவல்ஸைத் திறங்கள்; கறுப்பு, நடுத்தரம், வெள்ளை மூன்றுக்கும் தனித்தனி அம்பு இருக்கும் கருவி அது. நடு அம்பை மட்டும் 1.5-க்கு நகர்த்துங்கள். 40 என்பது 74 ஆகும், 220 என்பது 231 ஆகும். 0-வும் 255-உம் இடம் மாறாது. வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கர்வ்ஸில், கோட்டின் நுனியை விட்டுவிட்டு இருட்டுப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்து மேலே தூக்கினாலும் இதே மாதிரிதான்.

நிழல்விரும்பி:
கணக்கு சரிதான் அண்ணா. ஆனால் அந்த முகத்தை ஏன் வெளிச்சமாக்க வேண்டும்? சன்னலோரம் இருப்பவரின் முகத்தில் ஒரு பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டை எடுத்துவிட்டால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. 0 முதல் 40 வரை இருப்பவை 41 படிகள்தான். அவற்றை 0 முதல் 74 வரை இழுத்தால் நடுவில் 34 இடங்கள் காலி. எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விழும், கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். இருட்டில் ஒளிந்திருந்த நாய்ஸும், அதாவது மணல் தூவினது மாதிரியான புள்ளிகளும், சேர்ந்து மேலே வரும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ராவ் கோப்பாக இருந்தால் 16,384 படிகள், தாராளமாக இழுக்கலாம். இது ஜேபெக்.

ஒளிக்கணக்கு:
அதனால்தான் படம் முழுக்க இழுக்க வேண்டாம் என்கிறேன். படத்தின் லேயரை (அடுக்கை) நகலெடுத்து, மேல் லேயரை மட்டும் வெளிச்சமாக்கி, அதற்குக் கறுப்பு மாஸ்க் போடுங்கள். மாஸ்க் கறுப்பாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் மறைந்திருக்கும், வெள்ளை தடவிய இடத்தில் மட்டும் தெரியும். அப்புறம் ஓரம் மென்மையான வெள்ளைப் பிரஷை 15, 20 சதவீத அடர்த்தியில் வைத்து, கண்ணையும் நெற்றியையும் சுற்றித் தடவித் தடவிக் கொண்டுவாருங்கள். சன்னலை இது தொடவே தொடாது. இருட்டறைக் காலத்திலேயே அட்டைத் துண்டால் ஒளியை மறைத்து ஓர் இடத்தை மட்டும் வெளுப்பாக்குவார்கள், டாட்ஜிங் என்று அதற்குப் பெயர். கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் தன் பிரிண்டுகளில் செய்ததும் அதைத்தான். அவர் நிழலை மதிக்காதவரா?

நிழல்விரும்பி:
மதித்தவர்தான். ஆனால் நம் கைகள் அவசரப்படும். முடி ஓரத்தில் பிரஷ் கொஞ்சம் தாண்டினாலும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி விழும். இருட்டுப் பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் ஸ்லைடரை எல்லைக்கு இழுத்தாலும் அதே கதைதான். இப்படிக் கெட்ட குடும்பப் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கும்.

கைப்படம்:
குறுக்கே ஒரு வார்த்தை. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். திரையில் அழகாக இருக்கும், பிரிண்ட் இருட்டாக வரும்.

தறிநூல்:
நேற்று முழுக்க உட்கார்ந்தேன். 1.5 வைத்ததும் கன்னத்தில் நிழல்விரும்பி சொன்ன பட்டை வந்தது. 1.25-க்கு இறக்கி, மாஸ்க்கில் இரண்டு கண்களையும் வலது நெற்றியையும் மட்டும் தடவினேன். முடிப் பக்கம் போகவில்லை. இடது கன்னம் இருட்டாகவே இருக்கிறது. கிளைகள் இருக்கின்றன. துடைக்கிற கண்ணாடியில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி இருந்ததை இப்போதுதான் கவனித்தேன். சாம்பல் பூசின படத்தில் அது எங்கே என்றே தெரியவில்லை.

நிழல்விரும்பி:
பார்த்தேன். வலது நெற்றி இன்னும் ஒரு பிடி அதிகம், மாஸ்க்கில் அந்த இடத்தை மட்டும் கறுப்புப் பிரஷால் லேசாகத் தடவிப் பாருங்கள். கண்களை அப்படியே விடுங்கள்.

ஒளிக்கணக்கு:
நெற்றி எனக்குச் சரியாகத்தான் படுகிறது. லேயரோடு ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, அப்புறம் அவர் சொன்னதைச் செய்து பாருங்கள்.