ஒரே அடியில் பூட்டு உடைந்ததாம்!

பழைய வெட்டுக்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லய வீடு தீப்பிடித்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டும் உளியால் கிரில் பூட்டை ஒரே அடியில் உடைத்து, தாயையும் மூன்று பிள்ளைகளையும் இழுத்து வந்தார் என்று பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். உளியைக் கையில் பிடித்தவன் எவனாவது நம்புவானா? பூட்டில் அடித்தால் கூர்தான் மழுங்கும்.

லயத்துக்காரி:
நான்கு உயிர் தப்பியிருக்கிறது. உங்களுக்கு உளியின் கூர்தான் கவலையா ஐயா?

பழைய வெட்டுக்காரன்:
உயிரைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரே அடி என்றதைக் கேட்கிறேன்.

கிந்தா தம்பி:
உளியைப் பூட்டுக் கொக்கியில் நுழைத்து நெம்பியிருப்பார் அண்ணே. கதவுச் சட்டத்தைக் கரையான் அரித்திருந்தால் ஆணியோடு வந்துவிடும்.

பழைய வெட்டுக்காரன்:
நெம்பினால் அது அடி இல்லையே! அதைத்தானே நானும் சொல்கிறேன்.

பொம்பா ரசிகன்:
முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு போனாராம், அதுதான் மூளை. தீயணைப்பு எண் 994-க்கு ஒருத்தரும் போன் அடிக்கவில்லை.

கிந்தா தம்பி:
ஈரத்துண்டு கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. சூடான புகை மேலே நிற்கும், அவர் தரையோடு தவழ்ந்து போனதால் தப்பினார். அப்புறம், 994 எந்தக் காலத்து எண்? 2007-லேயே பொது அவசர எண் 999-ல் சேர்த்துவிட்டார்கள்.

பொம்பா ரசிகன்:
கூகிளில் தேடிவிட்டு வந்து பாடம் எடுக்காதே. அங்கே நின்றவர்கள் வீடியோதானே எடுத்தார்கள்?

லயத்துக்காரி:
எடுத்தது யார் வீட்டுப் பையன் என்று சொல்லட்டுமா?

பொம்பா ரசிகன்:
என் தங்கை மகனை இழுக்காதீர்கள். திருவிழாக் கணக்கு விஷயத்திலிருந்தே உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் கடுப்பு.

லயத்துக்காரி:
கணக்கு இன்னும் வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

பழைய வெட்டுக்காரன்:
கணக்கை விடுங்கள். மீசை முளைக்கும் முன்பே பழம் வெட்டப் போனவன் நான். உயர மரத்துக்கு அரிவாள், குட்டை மரத்துக்கு உளி. பூட்டுக்கு எதுவும் கிடையாது.

லயத்துக்காரி:
ஈப்போ அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம். நான் அங்கே நின்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். காப்பாற்றிய அண்ணனுக்கு முன்கை முடியெல்லாம் பொசுங்கி, கைலி ஓரம் கருகியிருந்தது. தேநீர் கொடுத்தால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. பூட்டு வாசற்படியில் கிடந்தது, போதுமா?

பழைய வெட்டுக்காரன்:
உடைந்து கிடந்ததா, கொக்கியோடு கழன்று கிடந்ததா?

கிந்தா தம்பி:
சாவியைக் கிரில் பக்கத்து ஆணியிலேயே மாட்டியிருந்தால் உளியே தேவையில்லை.

பழைய வெட்டுக்காரன்:
சாவிக்குத் தனித் திரி போடு தம்பி. எனக்கு அந்த உளியின் படம் வேண்டும். கூர் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.