வளர்க்க எடுத்த பிள்ளையோடு உடம்பு, உறவு பற்றியெல்லாம் எப்படிக் கதைப்பது?

களுவாஞ்சிகுடி தையல்காரி:
கோர்ட் உத்தரவோடு இரண்டு பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்கு 15, தம்பிக்கு 13. வாகரைப் பக்கம் பிறந்து, டவுனில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்து, இப்போது இங்கே. அவள் பெரியபிள்ளையானது இல்லத்தில்தானாம். தண்ணீர் வார்க்க மாமி, மச்சாள் என்று ஒருவரும் வரவில்லை; பொறுப்பாளர் ஒரு மாதவிடாய்ப் பாட் பக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். நம்மூரில் பாதி விஷயத்தைப் பெத்தாவும் மச்சாள்மாரும் பகடியோடு பகடியாகச் சொல்லிவிடுவார்கள். இவளுக்கு அதுவும் இல்லை.

போன கிழமை டியூசன் வாசலில் ஒரு பொடியனோடு நின்று கதைத்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டு, ‘காலாகாலத்தில் கட்டி வையுங்கோ’ என்று புத்தியும் சொன்னாள். நாமே வழி காட்டினதாகிவிடுமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். எங்கே தொடங்குவது? ஆறாம் ஆண்டில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசி ஒன்று போட்டதாம். மற்றது போட்டதா என்று தெரியாது. கார்டும் இல்லை.

ஓய்வுபெற்ற மிட்வைஃப், ஆரையம்பதி:
ஊசிதான் லேசு, அதை முதலில் முடியுங்கள் தங்கச்சி. 2017 இல் இருந்து தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி இரண்டு தரம் போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில். பள்ளி மாறினால் இரண்டாவது தப்பிவிடும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் பழைய பள்ளியின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். தப்பியிருந்தாலும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

மற்றதற்கு, உட்கார வைத்துப் பாடம் எடுக்காதீர்கள். நீங்கள் தைக்க, அவள் பக்கத்தில் இருந்து கொக்கி கட்டும் நேரம் நல்லது. முகம் பார்க்கத் தேவையில்லை. மாதவிடாயில் தொடங்குங்கள்: வலிக்கிறதா, பாட் காணுமா. பிறகு சட்டம். 16 வயதுக்குக் கீழே அவள் ஓம் என்றாலும் உடலுறவு என்றால் அது வல்லுறவுதான், பொடியனுக்கு வழக்கு. இலங்கைப் பொதுச் சட்டப்படி 18க்கு முன் கலியாணமும் இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லுங்கள். மறுகா, ‘என்ன நடந்தாலும் சொல், இதுக்காக உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். வீடு மாறி மாறி வந்த பிள்ளைகள் மூடி மறைப்பது அந்தப் பயத்தில்தான். ஏதும் நடந்திருந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. யாரும் வற்புறுத்தியிருந்தால் உடனே ஆஸ்பத்திரி, சிறுவர் உதவித் தொலைபேசி 1929.

திருக்கோவில் பொடியன்:
அன்ட்றி, தம்பியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? நானும் இல்லத்தில் வளர்ந்தவன்தான். பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கவாவது யாரும் வருவார்கள். எங்களுக்கு ‘கெட்ட பழக்கம் வேண்டாம்’ என்பதோடு சரி. எது கெட்டது என்று போனில் தேடினோம், அது இன்னும் கெட்டது. உடம்பு மாறும்போது எனக்கு ஏதோ வருத்தம் என்றே பயந்து திரிந்தேன். பெரிய ஆள் யாரும் கண்டபடி தொட்டால் சொல்ல வேண்டும் என்று ஆண்பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று: எங்கள் ஃபைலை வாறவர் போறவர் எல்லாம் புரட்டுவார்கள். அவள் உங்களிடம் சொன்னதை நன்னடத்தை அலுவலருக்குச் சொல்ல வேண்டி வந்தால், முதலில் அவளுக்கு அதைத் தெரியப்படுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி தையல்காரி:
தம்பியோடு கதைக்க வீட்டுக்காரரைக் கேட்டேன். வேலி கட்ட வேணும் என்று எழும்பிப் போய்விட்டார். எங்கள் அண்ணன்தான் அதற்குச் சரி. அக்கா, கந்தோருக்கு அவளையும் கூட்டிப் போகவா?

ஓய்வுபெற்ற மிட்வைஃப், ஆரையம்பதி:
அவளையே கேளுங்கள். வந்தால், உள்ளே அவள் மிட்வைஃபோடு கதைக்கும்போது நீங்கள் வெளி வாங்கில் இருங்கள்.