1987 அரையாண்டு லீவு: மெல்போர்ன்காரனுக்கு ஒரு பதில்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

மெல்போர்ன்காரன் போன வாரம் எழுதிய மார்கழிக் கடிதத்துக்கு எல்லோரும் ஆகா ஓகோ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் நாமெல்லாம் பக்திப் பெருக்கில் நாலரை மணிக்கு எழுந்து பஜனைக்கு ஓடினோம் என்கிறானே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. டேய், நாம் ஓடியது வெண்பொங்கலுக்கு. வாழையிலைத் துண்டில் நெய் மினுங்க விழும் அந்த ஒரு கரண்டிக்கு. ஜால்ரா யார் தட்டுவது என்று அடித்துக்கொண்டதும் அதற்காகத்தான். கையில் ஜால்ரா இருந்தால் இரண்டாம் தடவை கை நீட்டினாலும் பட்டர் முறைக்க மாட்டார். கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் என்பதால் கோஷ்டியில் கூட்டம் இரண்டு மடங்கு.

குளியல் கதையும் அப்படித்தான். அந்த நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் குளித்துவிட்டு வந்தால் என்ன கௌரவம்? மேட்டூர் அணையை மூடுவது ஜனவரி 28-ல்தான் என்பதால் மார்கழி முழுக்க அரசலாற்றில் தண்ணீர் ஓடும். படித்துறையில் நின்று "நீ முதல்ல குதி, நீ முதல்ல குதி" என்று கத்தியே பாதி ஊரை எழுப்பியிருக்கிறோம்.

அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களில் எனக்குப் பிடித்தது நம் வகுப்புத் தோழி தோஹாவிலிருந்து எழுதிய ஒற்றை வரி: "நீங்கள் பஜனைக்கு வந்தபோது தெருவில் கோலமெல்லாம் தானாக முளைத்திருந்ததா?" யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நமக்கு முன்னால் எழுந்து, வாசல் பெருக்கி, சாணி தெளித்து, பனியில் குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்து, வேலியில் பரங்கிப்பூ பறித்துச் சாணி உருண்டையில் செருகியதெல்லாம் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள். வெயில் ஏறியதும் அந்த உருண்டைகளை வறட்டியாகத் தட்டியதும் அவர்கள்தான். பள்ளிக்கூடம் இருந்தால் "நேரமாச்சு" என்று நழுவலாம். லீவில் அதுவும் கிடையாது. நாமோ கோலத்துக்கு நடுவே சைக்கிள் விட்டோம்.

சரி, 87-க்கு வருகிறேன். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள், டிசம்பர் 24, வியாழக்கிழமை. கோயில் குழாயில் திருப்பாவை பாதியில் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தோம். டீக்கடை ரேடியோவில் சோக இசை ஓடிக்கொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். போய்விட்டார். கும்பகோணம் போன பஸ் திரும்பி வரவில்லை, கடைகளை இழுத்துச் சாத்தினார்கள். என் பாட்டி அவரை நேரில் பார்த்ததே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, சொந்த அண்ணனைப் பறிகொடுத்தவள் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் மெரினாவில் அடக்கம் நடந்ததைப் பார்க்க, டிவி இருந்த ஒன்றிரண்டு வீடுகளின் ஜன்னலில் ஊரே தொங்கியது.

அந்த 25-ஆம் தேதிதான் கிறிஸ்துமஸும். மாதா கோயில் தெருவில் நட்சத்திர விளக்கை ஏற்றவில்லை. ஆனால் முறுக்கும் அதிரசமும் முன்பே சுட்டாயிற்றே! இருட்டிய பிறகு நம் நண்பனின் அம்மா டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு வந்து, "யாரும் பாக்கற மாதிரி தின்னாதீங்கடா" என்று கொடுத்துவிட்டுப் போனார். பட்டினி கிடந்த பாட்டி அதில் முதல் முறுக்கை எடுத்தாள். எத்தனையோ ஊர் பேக்கரிகளில் தின்றாயிற்று, அந்த முறுக்கின் பக்கத்தில் எதுவும் வராது.

எட்டூருக்கு வாய் கிழியப் பேசும் நாம் அந்த லீவில் ரொம்ப நாள் விளையாடவே இல்லை. பெரியவர்கள் விடவில்லை. பிறகு பள்ளிக்கூடம் திறந்து, பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கம் கிரிக்கெட் டெஸ்ட் வந்ததும்தான் ஊருக்கு உயிர் வந்தது. ரேடியோவில் தமிழ் வர்ணனை, எதிரே ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவு அணி. மூக்குக் கண்ணாடி போட்ட ஹிர்வானி என்ற பையன், முதல் டெஸ்டிலேயே இரண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டாக 136 ரன்னுக்கு 16 விக்கெட்! அதே ஆட்டத்தில் நம் டபிள்யூ.வி. ராமனும் அறிமுகமானார், இரண்டாவது இன்னிங்ஸில் 83. அதுவரை தேரடித் திடலில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே வாரத்தில் லெக் ஸ்பின்னர் ஆனார்கள். ஒருவனுக்கும் பந்து திரும்பவில்லை. மெல்போர்ன்காரன் போட்டது பெருமாள் கோயில் மதில் மேல் போய் விழுந்ததை அவன் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் பொங்கல் வாழ்த்து. அந்த வருடம் எம்.ஜி.ஆர். படம் போட்ட அட்டைதான் எல்லோருக்கும் வேண்டும். கிடைக்காமல் 15 பைசா கார்டில் கரும்பு வரைந்து அனுப்பியவர்கள் நம்மில் உண்டு. யாராவது பத்திரமாக வைத்திருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

இந்த மார்கழிக்குக் கோலப்போட்டி நடத்திப் பெண்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்கு அதில் இஷ்டமில்லை. டிசம்பர் கடைசியில் ஊருக்கு வரும் ஆண்கள் பெயர் கொடுங்கள், ஒரு நாள் மேலத்தெரு முழுக்க நாம் போடுவோம். தோஹாக்காரி வந்து மார்க் போடட்டும். கோலமாவு என் செலவு.

அன்புடன்,
மேலத்தெரு மூன்றாம் வீடு (இப்போது டொராண்டோ)