டா லாட் மலைப்பாதையில் பின் பிரேக் பிடிக்கலை

வியட்நாம் டா லாட்ல எடுத்த வாடகை வண்டி: ஹோண்டா வேவ் ஆர்எஸ்எக்ஸ் 110, முன்னால டிஸ்க், பின்னால டிரம். ரெண்டு பேர். நேத்து யானை அருவிக்குப் போக தா நுங் கணவாய்ல இறங்குறப்ப, பத்தே நிமிஷத்துல பின் பெடல் அடிவரைக்கும் போயிடுச்சு, கருகின வாடை வேற. அருவியோட வழுக்குப் பாறைப்படியில இறங்கி ஏறி வர்றதுக்குள்ள டிரம் ஆறி, பழையபடி பிடிச்சுது.

பிரேக் ராடு நட்டை ரெண்டு சுத்து இறுக்கியாச்சு; அதுக்கு மேல போனா சக்கரம் உரசுது. பிரேக் ஷூ (டிரம்முக்குள்ள உரசிப் பிடிக்கிற பட்டை) எவ்வளவு தேஞ்சிருக்குன்னு காட்டுற தேய்மான அம்பு இன்னும் எல்லைக் கோட்டைத் தொடலை. ரெண்டாம் கியர்ல இறக்கினா கொஞ்சம் தேவலை. வாடகைக் கடைக்காரர் "பழகிடும்"ங்கிறார். பிரேக் எப்படிங்க பழகும்?

நாளைக்கு பிரென் கணவாய் வழியா தாதன்லா அருவி, அங்கிருந்து பொங்கூர் அருவி. மழைக்காலம், மதியம் கொட்டிடும்.

பிரேக் ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதுமா, இல்லை புதுசு மாத்திட்டுத்தான் கிளம்பணுமா?